தீம் பார்க் வரிசைகள்: மட்டக்களப்பிலிருந்து புறப்படுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் மட்டக்களப்பில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை. பிள்ளைகளோடு இரண்டு தடவை சிங்கப்பூருக்கும், தம்பியின் குடும்பத்தைப் பார்ப்பதற்காக ஒரு தடவை பிரான்சின் பரிஸ் நகருக்கும் போய் வந்தேன். அதன் பிறகு, குடும்பமாக வெளிநாடு புறப்படுகிற அயலவர்களும் உறவினர்களும் என் மாணவர்களின் பெற்றோரும், அங்குள்ள பெரிய தீம் பார்க்கில் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று என்னிடம் கேட்காத மாதம் இல்லை. ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நம் பகுதியிலிருந்து போகிறவர்களில் என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் சென்டோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூருக்கோ, பரிசுக்குக் கிழக்கே மார்ன்-லா-வலேயிலுள்ள டிஸ்னிலாண்டுக்கோதான் போகிறார்கள். ஆகையால் உதாரணங்களும் அவ்விரண்டிலிருந்தே வருகின்றன. அவற்றைச் சுருக்கமாகச் சிங்கப்பூர் என்றும் பரிஸ் என்றும் குறிப்பிடுகிறேன்.

டீச்சர், காசு குடுத்துத்தானே போறம்? உள்ளுக்குப் போயும் கியூவில நிக்கணுமா?

ஆம், நிற்க வேண்டும். நுழைவு டிக்கட் வாசலைத் தாண்டுவதற்கு உரிமை தருகிறதே தவிர, எந்தச் சவாரியிலும் உடனே ஏறுவதற்கு உரிமை தருவதில்லை. உள்ளே ஒவ்வொரு சவாரிக்கும் தனித்தனி வரிசை உண்டு. கூட்டமான நாளில் பெயர் பெற்ற ஒரு சவாரிக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்பது அங்கே சாதாரணம். சவாரியோ நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

தீம் பார்க் தோன்றிய நாளிலிருந்தே இப்படித்தான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் முதலாவது டிஸ்னிலாண்ட் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டபோது, ஏறத்தாழ 15,000 பேரை எதிர்பார்த்திருந்த இடத்தில் போலி டிக்கட்டுகளோடும் ஆட்கள் வந்து சேர, 28,000 பேர் வரை உள்ளே நுழைந்தார்கள். வரிசையை முற்றாகத் தவிர்க்க ஒருவராலும் இயலாது. ஐந்து மணித்தியாலம் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு மணித்தியாலத்தோடு தப்பலாம் என்பதையே நான் சொல்ல வருகிறேன்.

கூட்டம் குறைஞ்ச நாள் எண்டு ஒண்டு இருக்கா?

இருக்கிறது. நீங்கள் வீட்டிலிருந்தபடியே செய்யும் வேலைகளில் இதுவே மிகப் பெரியது. சனி, ஞாயிறு, பொது விடுமுறை ஆகியவற்றை விட்டு, செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாட்களில் ஒன்றைத் தெரிந்தால் சிங்கப்பூரில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பரிசில் மட்டும் புதன்கிழமையைத் தவிருங்கள். பிரான்சில் ஆரம்பப் பாடசாலைகள் பலவற்றில் புதன்கிழமை வகுப்பு இல்லை, அல்லது மத்தியானத்தோடு முடிந்துவிடுகிறது.

கிழமை நாளைப் பார்த்தால் மட்டும் போதாது. போகும் நாட்டின் பாடசாலை நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் மார்ச்சில் ஒரு வாரம், மே இறுதியிலிருந்து ஜூன் கடைசி வரை நான்கு வாரம், செப்டெம்பரில் ஒரு வாரம், நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் முடிவு வரை என்று விடுமுறைகள் வருகின்றன. ஒக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை அங்கே சிறுவர் தினம் என்பதால் ஆரம்பப் பாடசாலைகள் மூடப்படும். வெள்ளிக்கிழமைதானே என்று அந்த நாளில் டிக்கட் போட்டு மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

எங்கட பிள்ளைகளுக்கு லீவு கிடைக்கிறது சித்திரையிலயும் ஓகஸ்டிலயும் டிசம்பரிலயும்தான். அப்ப என்ன செய்யிற?

இந்த இடத்தில்தான் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. நமது சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலும் ஓகஸ்ட் விடுமுறையிலும் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். சித்திரையில் பெரிய வெள்ளியையும், ஓகஸ்டில் அவர்களுடைய தேசிய தினமான 9ஆம் திகதியையும் அதையொட்டிய நாட்களையும் தவிர்த்தால், நமது விடுமுறையில் போயும் அங்கே சாதாரண வேலை நாளுக்குரிய கூட்டத்தை மட்டுமே காணலாம். டிசம்பரில் நமது விடுமுறையும் அவர்களுடைய நீண்ட விடுமுறையும் ஒன்றாக வருகின்றன. சிங்கப்பூருக்கு டிசம்பரில் போக வேண்டாம் என்றே சொல்வேன்.

பரிசுக்குக் கணக்கு வேறு. ஜூலையும் ஓகஸ்டும் ஐரோப்பா முழுவதற்கும் கோடை விடுமுறை. சித்திரையில் பிரான்சின் வசந்த விடுமுறை. அந்த நாட்டைப் பாடசாலை விடுமுறைக்காக அ, ஆ, இ என்பது போல மூன்று வலயங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெப்ரவரி விடுமுறையும் வசந்த விடுமுறையும் வலயத்துக்கு வலயம் முன்பின்னாக வருவதால், கூட்டம் ஒரு வாரத்தோடு முடியாமல் நான்கு வாரம் வரை நீளும். மே மாதத்தில் 1ஆம், 8ஆம் திகதிகள் பொது விடுமுறை. அங்கே அமைதியான காலம் என்றால் ஜனவரி நடுப்பகுதியிலிருந்து பெப்ரவரி தொடக்கம் வரையும், செப்டெம்பரின் கிழமை நாட்களும்தான். ஜனவரியில் சில சவாரிகளைப் பராமரிப்புக்காக மூடியிருப்பார்கள், குளிரும் கடுமையாக இருக்கும். பிள்ளையின் பாடசாலையில் நாலு நாள் லீவு கேட்கலாமா என்று ஆசிரியையான என்னிடமே கேட்கிறார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையோ சாதாரண தரமோ அந்த ஆண்டில் இல்லையென்றால், செப்டெம்பரில் நாலு நாள் போவதில் தவறில்லை என்பது என் எண்ணம்.

எங்கட புள்ளைகள் படிக்கிறது முஸ்லிம் பாடசாலை. நோன்புக்குத்தான் பெரிய லீவு. அந்த நேரம் போகலாமா?

கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. நோன்பு ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தி வருவதால், அந்த ஆண்டில் விடுமுறை எந்த மாதத்தில் விழுகிறது என்பதை முதலில் பார்த்து, முன்னைய இரண்டு விடைகளிலுள்ள நாட்காட்டியோடு ஒப்பிட வேண்டும். பெப்ரவரியில் விழுந்தால், சீனப் புத்தாண்டை ஒட்டிய நாட்கள் நீங்கலாகச் சிங்கப்பூர் அமைதியாக இருக்கும். பரிசில் அதுவே பெப்ரவரி விடுமுறையோடு மோதும்.

நோன்பு பிடித்துக்கொண்டு அந்த வெயிலில் நாள் முழுக்க நடப்பது பெரியவர்களுக்கே கடினம் என்பதால், பெரும்பாலானோர் பெருநாளுக்குப் பிந்திய நாட்களைத்தான் தெரிகிறார்கள். நோன்புப் பெருநாள் சிங்கப்பூரிலும் பொது விடுமுறை. ஆகவே பெருநாள் கழிந்து இரண்டு மூன்று நாள் விட்டு, ஒரு கிழமை நாளில் பார்க்குக்குப் போங்கள். சிங்கப்பூர்ப் பார்க்கின் உள்ளே ஹலால் சான்றிதழ் பெற்ற உணவகங்கள் இருக்கின்றன.

காலமை எத்தின மணிக்கு வாசலில நிக்கணும்?

அறிவிக்கப்பட்ட திறக்கும் நேரத்துக்கு 45 நிமிடத்துக்கு முன்னர். டிக்கட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கி, கைத்தொலைபேசியிலும் கடதாசியிலும் வைத்திருங்கள். திறக்கும் நேரம் நாளுக்கு நாள் மாறும் என்பதால், முதல் நாள் இரவு பார்க்கின் சொந்தச் செயலியில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பார்க்கில் கூட்டம் ஏறும் முறை, மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சனம் சேர்வதைப் போன்றது. விடியற்காலையில் கேணிக் கரையில் நிற்க இடம் இருக்கும். பொழுது ஏற ஏற ஒழுங்கைகளிலெல்லாம் சனம் நிறைந்துவிடும். பார்க்கில் முதல் ஒன்றரை மணித்தியாலத்தில் பெரிய சவாரிகளில் மூன்றை முடிக்கலாம். அதே மூன்றை மத்தியானம் தொடங்கினால் பின்னேரம்தான் முடியும். விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளே பார்க்குக்குப் போகாதீர்கள். பிள்ளைகள் எழும்ப மாட்டார்கள், அந்த முதல் ஒன்றரை மணித்தியாலம் ஹோட்டல் அறையிலேயே போய்விடும்.

சில வரிசை சின்னதாத் தெரியும், ஆனா நகரவே நகராது. ஏன் அப்பிடி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வரிசையின் நீளத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, அந்தச் சவாரி ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பேரை ஏற்றுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1924இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு வாகனம் போகும் அகலமே இருந்ததால், ஒரு பக்கத்தார் போய் முடியும் வரை மறுபக்கத்தார் காத்து நின்றோம். 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்தபோது ஊரில் வாகனம் குறையவில்லை. கடக்கும் வேகம்தான் கூடியது, காத்திருப்பு மறைந்துவிட்டது.

கணக்கு இதுதான்: காத்திருக்கும் நேரம் என்பது முன்னால் நிற்கும் ஆட்களை, ஏற்றும் வேகத்தால் வகுத்தால் வருவது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை 24 பேரை ஏற்றும் சவாரி மணித்தியாலத்துக்கு 720 பேரை விழுங்கும். முன்னால் 360 பேர் நின்றாலும் அரை மணித்தியாலத்தில் ஏறிவிடலாம். மணித்தியாலத்துக்கு 240 பேரையே ஏற்றும் சவாரியில் அதே 360 பேருக்கு ஒன்றரை மணித்தியாலம் ஆகும். இந்த உறவைப் பொதுவாக நிறுவிக் காட்டியவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் லிட்டில். அவர் அதை நிறுவியது 1961இல். உயர்தர வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் உடனே பாண் வரிசையையும் பெற்றோல் வரிசையையும் வைத்துக் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கான மெதுவான சவாரிகளிலேயே இந்தச் சிக்கல் கூடுதலாக வரும். பரிசில் பீற்றர் பான் சவாரியும் சிங்கப்பூரில் தொங்கியபடி செல்லும் கனோப்பி ஃபிளையரும் ஒரு தடவையில் மிகச் சிலரையே ஏற்றுகின்றன. பார்ப்பதற்கு எளிய சவாரிகள் என்று எண்ணி அவற்றைப் பின்னேரத்துக்கு ஒதுக்கி வைத்தவர்கள் எல்லோரும் வருந்தினார்கள்.

அப்ப உள்ளுக்குப் போனவுடன எதுக்கு முதல் போகணும்?

வாசலுக்கு அருகில் இருப்பதை விட்டுத் தூரத்தில் இருப்பதற்குப் போங்கள். நுழைந்ததும் கடை, படம் எடுக்கும் இடம், வேடமிட்ட பாத்திரங்கள் என்று கண்ணைக் கவர்வன எல்லாம் பின்னேரமும் அங்கேயேதான் இருக்கும். சிங்கப்பூரில் பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் நேரே சை-ஃபை சிட்டிப் பகுதிக்குப் போய் டிரான்ஸ்ஃபோர்மர்ஸ் சவாரியையும் பக்கத்திலுள்ள இரட்டை ரோலர் கோஸ்டரையும் முடித்துவிட்டு, அடுத்துள்ள பண்டைய எகிப்துப் பகுதியின் மம்மி சவாரிக்குப் போவதே நான் சொல்லும் ஒழுங்கு. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் 2025இல் திறக்கப்பட்ட மினியன் லாண்டிலிருந்து தொடங்கலாம். புதிது என்பதால் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள்.

பரிசில் முதற் பார்க்கிலென்றால் பீற்றர் பான், அதன் பின் பிக் தண்டர் மவுண்டன். பக்கத்திலுள்ள இரண்டாவது பார்க்கிலென்றால் முதலில் கிரஷ் என்ற ஆமையின் ரோலர் கோஸ்டர். அதன் வரிசை வாசல் திறந்த சில நிமிடங்களில் நீண்டுவிடும், இரவு வரை இலகுவில் குறையாது. ஒரே நாளில் இரண்டு பார்க்கையும் பார்க்க முயல வேண்டாம். இரண்டிலும் பாதியைத்தான் காண்பீர்கள்.

வேகமாப் போற டிக்கட் எண்டு வேறயா விக்கிறாங்களே, வாங்கினா காசு வீணா?

நாளைப் பொறுத்தது. சிங்கப்பூரில் இதற்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு தடவை பாவிப்பது ஒரு வகை, எத்தனை தடவையும் பாவிப்பது இன்னொரு வகை. பரிசில் 1999இல் அமெரிக்க டிஸ்னிப் பார்க்குகளில் தொடங்கிய இலவச முறை முன்னர் இருந்தது. அது நிறுத்தப்பட்டு, 2021 முதல் பிரீமியர் அக்சஸ் என்ற பெயரில் காசுக்கு விற்கிறார்கள். இரண்டு இடத்திலும் கூட்டம் கூடிய நாளில் விலையும் கூடும்.

வாங்குவதற்கு முன் ஒரு கடதாசியில் கணக்குப் போடுங்கள். ஆறு பெரிய சவாரிகள், ஒவ்வொன்றுக்கும் 50 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஐந்து மணித்தியாலம் வரிசையிலேயே போகும். பார்க் திறந்திருப்பதே ஒன்பது மணித்தியாலமென்றால், அந்த நாளில் அந்தச் செலவுக்கு நியாயம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் மட்டுமே ஆகும் அமைதியான நாளில் மொத்தமே இரண்டு மணித்தியாலம். நாலு பேருக்கு அந்தக் காசைக் கொடுப்பதை விட ஒரு நல்ல சாப்பாடு சாப்பிடலாம். டிசம்பரிலோ சனிக்கிழமையிலோ ஒரே ஒரு நாள் மட்டும் கிடைத்தவர்கள் வாங்கட்டும் என்பது என் கருத்து. உங்களுடைய உயரம் குறைந்த பிள்ளைக்கு எந்தச் சவாரிகள் கிடையாது என்பதையும் பார்த்த பிறகே வாங்குங்கள்.

தனியா இருந்து போறாக்களுக்கு வேற வரிசை இருக்காமே?

இருக்கிறது, இலவசமும்கூட. நாலு பேர் இருக்கும் வண்டியில் மூன்று பேர் கொண்ட குடும்பம் ஏறினால் ஓர் இருக்கை வெறுமையாகப் போகும். அதை நிரப்பவே தனியாட்களுக்கான வரிசை வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் டிரான்ஸ்ஃபோர்மர்ஸ், மம்மி, இரட்டை ரோலர் கோஸ்டர் ஆகியவற்றிலும், பரிசில் கிரஷ், ரட்டட்டூயி, ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டன் போன்றவற்றிலும் இந்த வரிசை உண்டு. சில வேளைகளில் தற்காலிகமாக மூடிவிடுவார்கள்.

குடும்பத்தார் ஒன்றாக அமர முடியாது, வேறு வேறு வண்டியில் அந்நியரோடு அமர வேண்டிவரும். வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பெரிய வரப்பிரசாதம். சின்னப் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப விட மாட்டார்கள், அனுப்பவும் கூடாது.

கைக்குழந்தை இருக்கு. நானும் மகன்ட அப்பாவும் மாறி மாறி ரெண்டு தரம் கியூவில நிக்கிறதா?

தேவையில்லை. ஒருவர் வரிசையில் நின்று சவாரி செய்து முடித்ததும், குழந்தையை வைத்திருந்த மற்றவர் மறுபடி முழு வரிசையிலும் நிற்காமல் ஏறும் வசதி இரண்டு இடத்திலும் உண்டு. வரிசையின் தொடக்கத்திலேயே நிற்கும் ஊழியரிடம் குழந்தையைக் காட்டிக் கேளுங்கள். நீங்கள் கேட்காமல் அவர்களாகச் சொல்வது குறைவு. மூத்த பிள்ளைக்கு இதனால் ஒரே சவாரியில் இரண்டு தடவை போகும் வாய்ப்பும் கிடைக்கலாம், அதையும் கேட்டுப் பாருங்கள்.

உயரம் அளந்து பாப்பாங்களாம், உண்மையா? மகன் வயசுக்கு உயரம்தான்.

உண்மை, அதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். முதற் பயணத்தில், ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை, என் சின்ன மகனோடு 75 நிமிடம் ஒரு வரிசையில் நின்றேன். தொடக்கத்தில் இருந்த அளவுப் பலகையை நான் கவனிக்கவில்லை. ஏறும் இடத்துக்கு வந்ததும் ஓர் ஊழியர் அளவுகோலைக் கொண்டுவந்து வைத்தார். மகன் மூச்சை இழுத்துப் பிடித்து, சப்பாத்துக்குள்ளேயே குதிகாலை உயர்த்தினான். அந்தப் பெண் புன்னகையோடு அவன் தோளை மெல்ல அழுத்திவிட்டார். அவன் தலைமயிருக்கும் கோலுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அழாமல்தான் திரும்பினான், ஆனால் வெளியே வரும் வரை என் கையை விடவில்லை. கவனிக்காமல் விட்டது என்னுடைய பிழை, அதை இன்றும் உணர்கிறேன்.

ஆகையால் புறப்படுவதற்கு முன்பே வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போடுங்கள். சிங்கப்பூரில் டிரான்ஸ்ஃபோர்மர்சுக்கு 102 சென்றிமீற்றர், மம்மிக்கு 122. பரிசில் பிக் தண்டருக்கு 102, கிரஷுக்கு 107, ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கு 120. பீற்றர் பானுக்கும் ரட்டட்டூயிக்கும் உயரக் கட்டுப்பாடு இல்லை. பிள்ளையை வெறுங்காலோடு நிறுத்தி அளந்து, எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

அம்மம்மாக்கு முழங்கால் ஏலாது. அவவைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாகக் கூட்டிப் போகலாம். வாசலருகே சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுக்கலாம். அதைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள், மத்தியானத்தில் முடிந்துவிடும். சக்கர நாற்காலியில் இருந்தால் வரிசையே இல்லை என்று இங்கே சிலர் சொல்வது சரியல்ல. மாற்றுத்திறனாளிகளுக்கான முன்னுரிமை அட்டைக்குச் சான்று கேட்பார்கள். அதன் நிபந்தனைகளைப் பார்க்கின் இணையத் தளத்தில் முன்கூட்டியே வாசித்து, மருத்துவரின் கடிதத்தை ஆங்கிலத்தில் எடுத்துச் செல்லுங்கள்.

வயதானவர்களுக்கு வரிசையை விடக் கடினமானது நடைதான். அவருக்குப் பிடித்த காட்சி அரங்குகள் இரண்டைத் தெரிந்து, மற்ற நேரத்தில் குளிரூட்டிய உணவகத்தில் ஒருவர் கூட இருக்கும்படி முறை போட்டுக்கொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவர் என்றால் பிஸ்கட்டும் மருந்தும் அவர் கைப்பையிலேயே இருக்க வேண்டும். வரிசையின் நடுவில் நிற்கும்போது கடைக்கு ஓட முடியாது.

சாப்பாட்டுக்கும் கியூ நிக்கணுமா?

12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் சாப்பிடப் போனால் நிற்க வேண்டும். 11 மணிக்கே சாப்பிடுங்கள், அல்லது 2.30க்குப் பிறகு சாப்பிடுங்கள்.

மழை வந்தா நாளே போச்சா?

இல்லை. சிங்கப்பூரில் இடி மின்னல் அதிகம். மின்னல் கிட்ட வந்தால் வெளியிலுள்ள ரோலர் கோஸ்டர்களை நிறுத்திவிடுவார்கள். டிரான்ஸ்ஃபோர்மர்சும் மம்மியும் கட்டடத்துக்குள் இருப்பவை என்பதால் அவை தொடர்ந்து ஓடும், ஆனால் எல்லோரும் அங்கே ஒதுங்குவதால் வரிசை திடீரென்று நீளும். அந்த அரை மணித்தியாலத்தை அரங்கக் காட்சியிலோ சாப்பாட்டிலோ கழியுங்கள். மழை விட்டதும் நனைந்தவர்களில் பலர் ஹோட்டலுக்குத் திரும்பிவிடுவார்கள், அப்போது கிடைக்கும் ஒரு மணித்தியாலம் காலை நேரத்துக்குச் சமம். நமது மாரி காலத்தில்தான், அதாவது நவம்பரிலிருந்து ஜனவரி வரை, அங்கும் மழை கூட. குடையை விட மழைக் கோட்டு நல்லது. வரிசையில் குடை பிறர் கண்ணில் குத்தும்.

போர்டில 60 நிமிசம் எண்டு கிடக்கு. அதை நம்பலாமா?

அது ஒரு மதிப்பீடு. நான் மணிக்கூட்டைப் பார்த்து நின்ற வேளைகளில் பெரும்பாலும் போட்டிருந்ததை விடக் குறைவாகவே எடுத்தது. எதிர்பார்த்ததை விட முன்னரே ஏறினால் யாரும் குறை சொல்வதில்லை அல்லவா? சவாரி இடையில் பழுதாகி நின்றால் மட்டும் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

பரிசில் ஊர்வலம் போகும் வேளையிலும் இரவு வாணவேடிக்கை நடக்கும் வேளையிலும் சவாரி வரிசைகள் குறையும். மூடுவதற்கு முந்திய கடைசி அரை மணித்தியாலமும் அப்படியே. மூடும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வரிசையில் சேர்ந்துவிட்டால், பொதுவாக ஏற்றித்தான் அனுப்புவார்கள். வாணவேடிக்கையைப் பார்ப்பதா, சவாரிக்குப் போவதா என்பதை அவரவர் வீட்டில் முடிவு செய்ய வேண்டும். என் பிள்ளைகள் சவாரியைத்தான் கேட்டார்கள்.

ஒராள் இடம் பிடிச்சு நிக்க, மத்தாக்கள் பிறகு வந்து பூந்துகொள்ளலாமா?

கூடாது. தேர்த்திருவிழாவில் அன்னதான வரிசையில் மாமி நின்றால் பின்னால் எட்டுப் பேர் சேர்ந்துகொள்வது நமக்குப் பழக்கம், யாரும் கோபிப்பதுமில்லை. பார்க்கில் அது விதி மீறல், ஊழியர்கள் வெளியே அனுப்பலாம். பின்னால் நிற்கும் தாயும் தன் பிள்ளையை நிறுத்தி வைத்துக்கொண்டுதான் நிற்கிறார். மலசலகூடத்துக்குப் போன பிள்ளை திரும்பி வருவது வேறு விடயம். அதற்கும் பின்னால் நிற்பவரிடம் முதலே ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகச் செய்யுங்கள். வரிசையில் சேர்வதற்கு முன் எல்லோரையும் மலசலகூடத்துக்கு அனுப்புவது அதைவிட நல்லது.

பரிசில தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. அவன் இல்லாமப் போக ஏலாதே?

இது பலருடைய வீட்டு நிலை. உணவகங்களில் வேலை செய்கிறவர்களுக்கு லீவு நாள் கையில் இல்லை. இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, சனியை விட ஞாயிறு பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டு, மாலை வரை நின்றுவிடுவது. மறுநாள் வேலையும் பாடசாலையும் இருப்பதால் ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு உள்ளூர்க் குடும்பங்கள் கலையத் தொடங்கும். மற்றது, தம்பி இல்லாமலே ஒரு வியாழக்கிழமை போவது. போகும் வழி கடினமானதல்ல. பரிசின் லா சப்பல் பகுதியில் இருப்பவர்கள் கார் து நோர் நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். பி அல்லது டி ரயிலில் ஷாத்லே-லே-ஆல் வரை போய், அங்கே ஆர்.இ.ஆர். ஏ ரயிலுக்கு மாறினால், ஏறத்தாழ 40 நிமிடத்தில் கடைசி நிலையமான மார்ன்-லா-வலே ஷெசியில் பார்க்கின் வாசலருகே இறங்கலாம். அந்தப் பாதை வன்செனுக்கு அப்பால் இரண்டாகப் பிரிவதால், ரயிலின் பெயர்ப் பலகையில் மார்ன்-லா-வலே என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏறுங்கள். நாங்கள் பார்க்காமல் ஏறி, காலையின் பொன்னான முக்கால் மணித்தியாலத்தை இழந்தோம்.

தம்பியின் மனம் நோகும் என்றால் முதல் வழியைத்தான் எடுக்க வேண்டும். அப்படியானால் அன்று எக்ஸ்பிரஸ் பற்றிய விடையில் சொன்ன கணக்கைப் போட்டு, ஒன்றிரண்டு சவாரிக்கு மட்டும் காசு கொடுங்கள். பரிசில் ஒவ்வொரு சவாரிக்கும் தனித்தனியாகவும் வாங்கலாம்.

டீச்சர், பள்ளிக்கூட டூரில ஐம்பது பிள்ளைகளைக் கொழும்புப் பக்கம் கொண்டு போறம். அதுக்கும் இதெல்லாம் சரிவருமா?

பெரும்பாலும் சரிவரும். ஹன்வெல்லைப் பக்கத்து லெஷர் வேர்ல்டுக்கோ பண்டாரகமையிலுள்ள பேர்ள் பேக்கோ போகும்போது, போயா நாளையும் அதையொட்டிய நீண்ட வார இறுதியையும் தவிருங்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல் என்பதால் இரவில் புறப்பட்ட பஸ் எப்படியும் காலையில் போய்விடும். திறக்கும் நேரத்தை ஒட்டிச் சேரும்படி புறப்படுங்கள்.

ஐம்பது பேரும் ஒரே வரிசையில் நின்றால் நீங்களே ஒரு கூட்டம். பத்துப் பேர் கொண்ட ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியர், வேறு வேறு தொடக்க இடம் என்று அனுப்புங்கள். நீர்த்தடாகத்துக்கு மட்டும் எல்லோரும் ஒரே நேரத்தில் போக வேண்டும். அங்கே வரிசையை விடப் பிள்ளைகளை எண்ணுவதே முக்கியம்.

எல்லாரும் நீங்க சொல்ற மாதிரி விடியக்காலையே போனா, அங்கதானே கூட்டம் சேரும்?

ஒரு மாணவியின் தகப்பனார் கேட்டது இது. தர்க்கம் சரியானது. எல்லோரும் பின்பற்றினால் எந்த உபாயமும் பயனற்றுப் போகும். ஆனால் ஹோட்டலின் காலைச் சாப்பாட்டை விட மனமில்லாதவர்கள், சுற்றுலாப் பஸ் கொண்டுவந்து இறக்கும் நேரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள், இரவு நெடுநேரம் விழித்திருந்தவர்கள் ஆகியோர் எல்லா நாளும் இருக்கிறார்கள். பத்து மணிக்குத் திறக்கும் பார்க்கில் பதினொன்றரைக்குத்தான் உண்மையான கூட்டம் சேர்கிறது.

இந்த உபாயம் பலிக்காத ஓர் இடமும் உண்டு. பரிசில் டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் தங்குகிறவர்களைப் பொது நேரத்துக்கு முன்னரே உள்ளே விடுகிறார்கள். நீங்கள் வாசலில் முதலாளாக நின்று நுழைந்தாலும், அந்த நேரத்தில் ஓடும் சவாரிகளில் ஏற்கெனவே வரிசை இருக்கும். உறவினர் வீட்டில் தங்குகிறவர்கள் முதல் நாள் இரவே செயலியில், முன்நேரத்தில் எந்தச் சவாரிகள் இயங்குகின்றன என்று பாருங்கள். அந்தப் பட்டியலில் இல்லாமல் பொது நேரத்துக்கே தொடங்கும் ஒரு பெரிய சவாரியைத் தெரிந்து முதலில் அங்கே போங்கள். அதன் வாசலில் எல்லோரும் ஒரே நேரத்தில்தான் வந்து நிற்பார்கள்.